ரம்பம் பட்ட இடத்தில் வெடித்த நட்சத்திரங்கள்

கீல், 4 மார்ச் 1993

சிக்வார்ட்,

உன் கட்டுரையின் பிரதி வந்து சேர்ந்தது. என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. கடைசியில் நன்றி சொல்லும் இடத்திலும் போட்டுவிடாதே.

தலைப்பே சிரிப்பை வரவழைக்கிறது. இரண்டு நட்சத்திரங்கள் வெடித்ததற்குக் கடலடியில் ஆதாரமாம். ஒன்று போதவில்லையா உனக்கு?

முதல் பக்கம் முழுக்க எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் வந்து காற்றில் மோதும், பெரிலியம்-10 உண்டாகும், மழையோடு கடலில் விழும், சேற்றோடு அடியில் படியும், எந்த அடுக்கில் அது கூடுதலாக இருக்கிறதோ அந்தக் காலத்தில் கதிர்களும் கூடுதலாக வந்தன என்று அர்த்தம். தெரியும் அப்பா. அந்தச் சேற்றை இருபது வருடமாகக் கடலடியிலிருந்து உருவி எடுப்பவள் நான். நீ உப்சாலாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நான் அனுப்பும் பொட்டலங்களை முடுக்கி இயந்திரத்தில் போட்டு அணுக்களை எண்ணுகிறவன்.

படித்து முடித்ததும் குளிர் அறைக்குப் போனேன். போன வருடம் நான் தெற்குக் கடலில் இருந்த சமயத்தில் உன் ஆட்களே வந்து மாதிரிகளை வெட்டிக்கொண்டு போனார்கள். அதனால் இந்தச் சேற்றை நான் நிதானமாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். ஐந்தாம் துண்டில், ஐஸ்லாந்து எரிமலை ஒன்று எப்போதோ துப்பிய சாம்பல் ஓர் அடுக்காகக் கிடக்கிறது. சாம்பல் அடுக்கின் அடிவிளிம்பு கத்தியால் கீறியது போல இருக்கும், மேல்விளிம்பு கலங்கியிருக்கும், ஏனென்றால் விழுந்த சாம்பலை மேலிருந்து புழுக்கள் கிளறிவிடும். எங்கள் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். ஐந்தாம் துண்டில் கலங்கல் கீழே இருக்கிறது, கத்திக்கீறல் மேலே இருக்கிறது.

அதாவது, அந்தத் துண்டு தலைகீழாக இருக்கிறது.

கப்பல் தளத்தில் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்கு மறந்திருக்கலாம். சேறு நிறைந்த நீளக் குழாயை மீட்டர் மீட்டராக அறுப்போம். ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் சிவப்பு மூடி, அடிமுனையில் கறுப்பு மூடி. மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் பிறகு குழாயின் மேல் அம்புக்குறி வரைவார்கள். இந்தச் சேற்றை எடுத்த பயணத்தில் மூடி போட்டது யார்? வேறு எதற்கும் லாயக்கில்லை, வாந்தி எடுக்காத நேரத்தில் இதையாவது செய்யட்டும் என்று எங்கள் தளத்தலைவர் ஹின்ரிக் உன் கையில் கொடுத்த ஒரே வேலை அதுதான்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்.

கெஸ்கெ லோரென்சன்

---

உப்சாலா, 12 மார்ச் 1993

அன்புள்ள கெஸ்கெ,

உன் புழுக்கள் கொடுத்த வாக்குமூலம் கிடைத்தது.

காப்பி இடைவேளையில் பிரித்தேன். எங்கள் ஆய்வகத்துப் பிர்கிட்டா எதிரில் உட்கார்ந்து இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, அந்த சேத்து அம்மா லெட்டரா? யாரு செத்துப்போனாங்க?" என்றாள். "ரெண்டு நட்சத்திரம்"னு சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி என் மேசையில் தெறித்தது. இங்கே உன் ஆட்சேபத்துக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

நான் அளந்தது எண்கள். நீ பார்த்தது கறை. நாற்பதாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு புழு எந்தப் பக்கமாக வளைந்தது என்பதை வைத்து என் இயந்திரத்தைப் பொய்யாக்கப் பார்க்கிறாய். உங்கள் துறையில் இதைத்தான் விஞ்ஞானம் என்கிறீர்கள் போலிருக்கிறது. கையில் ஒட்டிய சேற்றை மோந்து பார்த்து வயது சொல்கிற கூட்டம்.

படத்தை இன்னொரு முறை பார். பெரிலியம் திடீரென்று எகிறுகிறது, பிறகு மெல்ல மெல்லத் தணிகிறது. பத்தாயிரம் வருடம் கழித்து மறுபடியும் அதே எகிறல், அதே தணிவு. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டால் அச்சு அசலாக இந்த வடிவம்தான் வரும். இரண்டு முறை வந்திருக்கிறது. தலைகீழாக வைத்த சேறு இவ்வளவு இயற்பியல் படித்திருக்காது.

பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. மே பதினான்காம் தேதி ஸ்டாக்ஹோமில் மெலாரன் விஞ்ஞானச் சங்கத்தில் உரை. அதன் முடிவில் என்னை உறுப்பினராக்குவது பற்றி வாக்கெடுப்பு. இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் இப்போது எழுதுகிறாய் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் அதே இடத்துக்குத் திரும்பப் போக உனக்குக் கப்பல் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் உனக்குக் கிடைக்கும் கடைசிக் கப்பல். உங்கள் அமைச்சகம் அதை எதற்காகக் கொடுத்தது? என் இரண்டு நட்சத்திரங்களுக்காக. உன் புழுக்களைப் பார்த்து ஒரு துடுப்புப் படகுகூடத் தரமாட்டார்கள். நீ உட்கார்ந்திருக்கும் கிளையை நீயே வெட்டுவதென்றால் வெட்டு, என் தலையில் விழாமல் பார்த்துக்கொள்.

மூடிகளை நான் சரியாகத்தான் போட்டேன்.

சிக்வார்ட் நோர்லிங்

---

கீல், 21 மார்ச் 1993

மதிப்பிற்குரிய பேராசிரியர் நோர்லிங் அவர்களுக்கு,

உங்கள் நாட்டில் பால்காரனும் பிரதமரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. கப்பலில் நான் உங்களுக்குக் கொடுத்திருந்த அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

புழுக்களை விடுங்கள். உங்களுக்குப் பிடித்த எண்களிலேயே பேசலாம்.

நீங்கள் படத்தை வயதை வைத்து வரைந்திருக்கிறீர்கள். இடமிருந்து வலமாக ஆயிரம் ஆயிரம் வருடமாக ஓடுகிறது, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேறு வயதோடு கப்பலுக்கு ஏறி வருவதில்லை, ஆழத்தோடு வருகிறது. அதே எண்களை எடுத்து, சாதாரணக் கட்டம் போட்ட தாளில், ஆழத்தை வைத்து நான் வரைந்தேன். உங்கள் முதல் நட்சத்திரம் வெடித்த ஆழம் சரியாக ஐந்து மீட்டர். இரண்டாவது வெடித்தது சரியாக நான்கு மீட்டர். ஒரு விரற்கடை முன்னே பின்னே இல்லை.

நான்காவது மீட்டரிலும் ஐந்தாவது மீட்டரிலும் என்ன இருக்கிறது தெரியுமா? எங்கள் ரம்பம் பட்ட இடம் இருக்கிறது. வானத்தில் எங்கோ கிடந்த இரண்டு நட்சத்திரங்கள், வருங்காலத்தில் ஒரு ஜெர்மன் கப்பலில் ஹின்ரிக் எந்த இடத்தில் ரம்பம் வைக்கப்போகிறான் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தோதாக வெடித்திருக்கின்றன. நல்ல ஒழுங்கான நட்சத்திரங்கள். எங்கள் ரயில்வேயில் வேலைக்குச் சேர்க்கலாம்.

ஐந்தாம் துண்டை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். உச்சியில் இருந்த பாதி, நான்காம் துண்டின் அடியில் இருக்கும் மறுபாதியோடு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு செங்குத்தும் காணாமல் போகும். ஒரே ஒரு மேடு, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடு, மிஞ்சும். நாற்பதாயிரம் வருடத்துக்கு முன் பூமியின் காந்தம் கொஞ்ச காலம் சோர்ந்து போனது. காந்தம் சோர்ந்தால் கதிர்களைத் தடுக்க ஆளில்லை, பெரிலியம் கூடும். உலகத்துக்கே தெரிந்த சமாச்சாரம். நட்சத்திரம் ஒன்றுகூட வெடிக்கவில்லை. நீங்கள் ஒரு மேட்டை நடுவில் பிளந்து, பாதியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிரபஞ்சத்தின் ரகசியம் என்று ஊரைக் கூட்டுகிறீர்கள்.

உங்கள் மெலாரன் சங்கத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வயிறு நிறைய நண்டு தின்று மது குடித்துவிட்டு வந்து உட்காரும் கிழவர்கள். முதல் படத்துக்குத் தூங்கி, கைதட்டலுக்கு விழிப்பவர்கள். அவர்களிடம் என்ன சொன்னாலும் செல்லும். பூசணிக்காய் வெடித்தது என்று சொன்னாலும் உறுப்பினராக்குவார்கள். அதற்காகத்தான் உங்களுக்கு அங்கே இடம் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லி ஒரு இடம் வாங்க உங்களுக்கு வக்கில்லை, இரண்டு நட்சத்திரத்தைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் உங்கள் முகத்தைக் காட்டப் பார்க்கிறீர்கள்.

முனைவர் கெ. லோரென்சன்

---

உப்சாலா, 8 ஏப்ரல் 1993

கெஸ்கெ,

நான் உன்னை நீ என்றுதான் எழுதுவேன். என் மொழியில் உனக்கென்று தனி மரியாதை ஒன்றும் கிடையாது.

ஆழத்தை வைத்து நானும் வரைந்து பார்த்தேன். நீ சொன்ன இடத்தில்தான் விழுகிறது. தற்செயல் என்ற ஒன்று உலகத்தில் உண்டு. என் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் ஒரே தேதியில் பிறந்தவர்கள். அதற்காக யாரோ காலண்டரைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் சண்டைக்குப் போகவில்லை.

பிர்கிட்டாவிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன் சிக்வார்ட், இத முன்னாடியே இப்படி வரைஞ்சு பாக்கல?" என்றாள். "அதுக்கு அவசியம் இல்ல"ன்னேன். "இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாகக் காப்பிக்கு என்னைக் கூப்பிடவில்லை. உன் சேறு இங்கே வரைக்கும் தெறிக்கிறது, சந்தோஷப்படு.

சரி, துண்டு தலைகீழாகவே இருக்கட்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? உன் கிடங்கில் எத்தனை பேர் கை படுகிறது? உன் மாணவர்கள், கோடை விடுமுறைக்கு வரும் பையன்கள், தரை துடைப்பவர்கள். அந்த மத்தியானம் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. குமட்டல் இருந்தது, உண்மைதான், ஆனால் புத்தி தடுமாறவில்லை. மூடிகள் ஒரு வாளியில் கிடந்தன. எல்லாம் ஒரே கறுப்பாக, கிரீஸ் அப்பி, அசிங்கமாக. அத்தனை மோசமான வாளியிலிருந்தும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒழுங்கைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பவள் முதலில் தன் வாளியைக் கழுவி வைத்திருக்கலாம்.

உரையை ரத்து செய்யமாட்டேன். இரவல் வாங்கின அடக்கத்தோடு வாழ்ந்து பழக்கமில்லை எனக்கு.

சிக்வார்ட்

---

கீல், 27 ஏப்ரல் 1993

சிக்வார்ட்,

கோபம் வந்தால் மரியாதை கையில் நிற்கமாட்டேன் என்கிறது, அதனால் பழையபடி நீ.

வாளியில் கிரீஸ் இல்லை. எந்தப் பயணத்திலும் இருந்ததில்லை. மூடியில் எண்ணெய் பட்டால் சேறு கெட்டுவிடும் என்பதால் வாளியையும் மூடிகளையும் தினம் கழுவுவார்கள். அந்த வாளியில் பாதி மூடிகள் சுத்தமான கறுப்பு, பாதி மூடிகள் தக்காளிச் சிவப்பு. நீ மட்டும் எல்லாவற்றையும் கறுப்பாகப் பார்த்திருக்கிறாய்.

எல்லாம் ஒரே கறுப்பு என்ற உன் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. துறைமுகத்தில் ஸ்ட்ராபெர்ரி வாங்கப் போனபோது காயாகப் பொறுக்கி வந்தாய். ஆபத்து விளக்கு சிவப்பாக எரிந்தபோது எல்லோரும் ஓடினோம், நீ நின்று தட்டிலிருந்த ஹெர்ரிங் மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். துணிச்சல்காரன் என்று அன்றைக்கு உன்னை மெச்சினேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

இருந்தாலும் மற்றப் பத்துத் துண்டுகள் சரியாக இருக்கின்றனவே, அது எப்படி என்று கேட்கப் பக்கத்துத் துறைமுகமான லாபோவுக்குப் போனேன். ஹின்ரிக் அங்கே படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஸ்வீடன்காரரா? மூடிய நீயே எடுத்துக் குடுன்னு சொன்னாரு. மேல எது, கீழ எதுன்னு நானே ரெண்டு கையிலயும் வச்சேன். பெரிய மனுஷன், குனிஞ்சா மானம் போயிரும்போலன்னு நெனச்சேன்."

"எல்லாத் துண்டுக்கும் நீதான் எடுத்துக் குடுத்தியா?"

"இல்ல. நடுவுல கம்பிவடம் சிக்கிக்கிச்சு, கத்தினாங்க, ஓடினேன். ஒண்ணு மட்டும் அவரே போட்டுக்கிட்டாரு. ஏன் டாக்டர், போட்டது கழண்டுபோச்சா?"

போட்டது கழன்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிறம் தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூடியில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு உன் கையில் கொடுத்திருப்போம், தடவிப் பார்த்துப் போட்டிருப்பாய். சொல்ல வாய் வரவில்லை உனக்கு. நடுக்கடலில், எட்டு மாலுமிகளும் நானும் மட்டும் இருந்த இடத்தில்கூட உனக்குப் பேராசிரியர் வேஷம் கலையக்கூடாது. அந்தத் திமிரைத்தான் நான் வெறுக்கிறேன். கண்ணை அல்ல.

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் இயக்குநர் ஆல்டன்காம்ப்பிடம் போய் எல்லாவற்றையும் காட்டினேன், உன் கண்ணைத் தவிர. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கெஸ்கெ, கப்பல் கெடச்சாச்சு. போங்க, எடுத்துட்டு வாங்க. வந்தப்புறம் புதுச் சேத்தக் காட்டி, 'அய்யோ, ஒரே மேடுதான்'னு ஆச்சரியப்பட்டுக்கலாம். விஞ்ஞானம் முன்னேறுச்சுன்னு ஆகும். இப்பவே வாயத் தொறந்தா கப்பலும் போயிரும், நம்ம பேரும் போயிரும்." ஆழத்தை வைத்து வரைந்த படத்தை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினேன். "சேறு எந்தப் பக்கம் இருந்தா யாருக்கு என்ன?" என்றார். இவர் சேற்றைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதியவர்.

எனக்கு அந்தக் கப்பல் வேண்டும் சிக்வார்ட். ரொம்ப வேண்டும். அதற்கப்புறம் எனக்குக் கடல் இல்லை, ஒரு கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் முழுக்க ஆல்டன்காம்ப் சொன்னது சரி என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பொய்யைச் சொல்லி வாங்கின கப்பலில் ஏறி நின்றுகொண்டு எந்தக் குழாயைக் கடலில் இறக்குவேன்?

ஆகவே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள். காரணம் கேட்டால், பயணத் தலைவியான கெஸ்கெ லோரென்சனின் கவனக்குறைவால் துண்டு மாறிவிட்டது என்று எழுது. நான் மறுக்கமாட்டேன். தளத்தில் நடப்பதற்கெல்லாம் தலைவிதான் பொறுப்பு, அது கப்பல் வழக்கம். உன் கண் உன்னோடு இருக்கட்டும். இதை உன்மேல் இருக்கும் பிரியத்தால் சொல்வதாக நினைத்துவிடாதே. அசிங்கத்தைச் சீக்கிரம் துடைத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

மே பதினான்குக்குள் செய்யாவிட்டால் நானே பேசுவேன்.

கெஸ்கெ

---

ஸ்டாக்ஹோம், 15 மே 1993

கெஸ்கெ,

ஓட்டல் அறையிலிருந்து எழுதுகிறேன். தாளில் இருக்கும் அன்னப்பறவைச் சின்னம் ஓட்டலுடையது.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் காரணம், அதில் நீ எனக்குப் போட்ட பிச்சை. நீ திட்டிய திட்டெல்லாம் எனக்குச் சரியாக உள்ளே இறங்கியது. ஆனால் உன் கவனக்குறைவு என்று சொல்லச் சொன்னாயே, அந்த இடத்தில் தாளைச் சுருட்டிச் சுவரில் எறிந்தேன். பிறகு போய் எடுத்து நீவி வைத்தேன். உன் பரிதாபத்தில் நான் குடியிருக்க வேண்டுமா? என்னைப் பற்றி அவ்வளவு கேவலமாகவா நினைத்தாய்?

என் அப்பா ரயில் ஓட்டியவர். நானும் ஓட்டவேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய ஆசையும். பதினேழு வயதில் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். கம்பளி நூல் கண்டுகளை மேசையில் கொட்டி, சிவப்பையெல்லாம் தனியாக எடுத்து வை என்றார்கள். நான் எடுத்து வைத்ததைப் பார்த்து அதிகாரி அப்பாவிடம், "பையன் விளையாடறானா?" என்று கேட்டார். நான் விளையாடவில்லை. வீடு வரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை, அதற்கப்புறமும் பெரிதாகப் பேசிவிடவில்லை. எண்ணுக்கு நிறம் கிடையாது என்பதால் இயற்பியலுக்கு வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று மேடை ஏறினேன். தலைவி யெர்டா வெஸ்ட்மன் என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாவுக்கு எண்பது வயது, வானியல்காரர், காது மந்தம், ஆனால் வாய் நன்றாக வேலை செய்யும். முதல் படம் திரையில் விழுந்தது. இரண்டு நட்சத்திரங்கள். எல்லோரும் ம்ம் என்றார்கள்.

நான் உரையை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து உன் மார்ச் இருபத்தொன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். "என் கூட்டாளி எழுதிய விமர்சனத்தை வாசிக்கிறேன்" என்றேன். மதிப்பிற்குரிய பேராசிரியரில் ஆரம்பித்து, ஸ்வீடிஷில் அங்கேயே மொழிபெயர்த்துக்கொண்டே, முழுக்க வாசித்தேன். ரம்பத்தை வாசித்தேன். ரயில்வேயில் சேர்க்கச் சொன்னதை வாசித்தேன். நண்டு தின்று மது குடித்துத் தூங்கும் கிழவர்களையும் விடவில்லை. அந்த இடத்தில் எழுந்த சிரிப்பில் மூன்றாம் வரிசைக் கிழவர் ஒருவர் உண்மையிலேயே விழித்துக்கொண்டு கைதட்டினார். எனக்கு உண்மையைச் சொல்லி இடம் வாங்க வக்கில்லை என்பதையும் வாசித்தேன். கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டு, மூடியை மாற்றிப் போட்டது நான், எனக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று, அதை மறைத்தேன் என்று சொன்னேன். என் கை நடுங்கவில்லை. உனக்குக் கணக்குக்குச் சொல்கிறேன்.

யெர்டா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மா யாரு? இவங்கள விட்டுட்டு இவர எதுக்குக் கூப்பிட்டோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மெதுவாகக் கேட்பதாக நினைப்பு. மண்டபம் முழுக்கக் கேட்டது.

வாக்கெடுப்பில் தோற்றேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகைக்குத் தந்தி அடித்தாயிற்று. உங்கள் அமைச்சகத்துக்கும் செய்தி போகும், போகாமல் இருக்க வழியில்லை. உன் கப்பல் போய்விடும். ஒரு மணி நேரமாக இந்த வரியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிக்வார்ட்

---

கீல், 2 ஜூன் 1993

சிக்வார்ட்,

அமைச்சகக் கடிதம் நேற்று வந்தது. அக்டோபர்க் கப்பலைத் திமிங்கில ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆல்டன்காம்ப் என்னை நடைக்கூடத்தில் பார்த்தால் சுவரில் ஒட்டிய தீயணைப்பு விதிகளைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

உன் கடிதத்தில் சில பிழைகள் இருக்கின்றன. திருத்துகிறேன்.

கடைசிவரை சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. பூசணிக்காய் வரைக்கும்தான் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லி ஒரு இடம் வாங்க வக்கில்லை என்று நீ உன்னைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. நீ தாளை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை, அதனால் தெரியவில்லை. கை நடுங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நடுங்கியது. கடைசி வரிசையிலிருந்தே தாள் ஆடுவது தெரிந்தது.

ஆமாம், வந்திருந்தேன். மே பதினான்குக்குள் செய்யாவிட்டால் நானே பேசுவேன் என்று எழுதினேனே, பேச வந்திருந்தேன். கைப்பையில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இரண்டு நட்சத்திரங்களைத் திரையில் பார்த்ததும் பையைத் திறந்துவிட்டேன். அத்தனை பேர் நடுவில் எழுந்து உன் தோலை உரித்து உப்புப் போடவேண்டும் என்று ரயிலில் வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், உன் மொழியில், இலக்கணச் சுத்தமாக. அப்போதுதான் நீ என் கடிதத்தை எடுத்தாய்.

என் வாக்கியங்களை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மற்றது அவ்வளவு நன்றாக இல்லை. நீ என் பெயரில் உன்னையே அடித்துக்கொண்டிருந்தாய், நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் நிறுத்து என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் என் கப்பலுக்காகக் கத்தியதாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் நீ ஒவ்வொரு வரி வாசிக்கும்போதும் அது என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. உனக்கும் தெரிந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

யெர்டா வெஸ்ட்மன் இந்தம்மா யாரு என்று கேட்டபோது என் பக்கத்து நாற்காலிக்காரர் என் கைப்பையைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ இறங்கி வரும்வரை காத்திருக்கலாம் என்று படிக்கட்டில் நின்றேன். உன்னிடம் திட்டு தவிர வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, அன்றைக்கு ஒரு திட்டும் வரவில்லை. மழை ஆரம்பித்தது, ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன்.

நீ இன்னமும் திமிர் பிடித்தவன்தான். பிர்கிட்டா உன்னைக் காப்பிக்குக் கூப்பிட்டால் ஒழுங்காகப் போ.

அன்றைக்கு ரயிலில் மால்மோ வரை அழுதேன். எதிரில் இருந்த பெண் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள், அதை வாங்கித் தின்றுகொண்டே அழுதேன். இனி எனக்குக் கடல் இல்லையே என்றுதான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை. மால்மோவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டச்சு செய்து வைத்திருந்த இரண்டு பக்கத்தைப் பின்புறம் திருப்பி, அந்த ஒரு மேட்டை உன் எண்களை வைத்து வரைய ஆரம்பித்தேன்.

கெஸ்கெ